தோளை நிறுத்தலாம், வீச்சை மீட்க முடியுமா?

2021 மார்ச் 23 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில், பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்த ஸ்ரேயஸ் ஐயரின் இடது தோள் விலகியது. ஏப்ரலில் அறுவை சிகிச்சை நடந்தது. செப்டம்பரில் ஐபிஎல் ஆட்டங்களுக்குத் திரும்பிய அவர், நவம்பரில் கான்பூரில் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். இதற்கு நேர் எதிரான கணக்கு ஒன்றும் மருத்துவ இதழ்களில் இருக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஆண்ட்ரூஸும் அவருடைய சக மருத்துவர் மசூயேயும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீசும் கையின் தோளில் தசைநாண் முழு ஆழத்துக்குக் கிழிந்து, அதைத் தைத்துக்கொண்ட தொழில்முறை பேஸ்பால் பந்துவீச்சாளர்கள் 12 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் பெரிய சிரமமின்றி உயர்மட்ட ஆட்டத்துக்குத் திரும்பியவர் ஒரே ஒருவர். மூட்டு ஒன்றுதான், மருத்துவர்களின் கைத்திறனிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் விளைவில் இத்தனை தூரம். தோள் அறுவை சிகிச்சை என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன என்பதுதான் காரணம். நழுவும் மூட்டை நிறுத்துவது ஒன்று. அதில் அறுவை நன்றாகவே தேறியிருக்கிறது. ஓய்ந்துபோன வீச்சை மீட்பது மற்றொன்று; அதில் அது பெரும்பாலும் தோற்கிறது. எனவே ஒரு வீரருக்குக் கத்தி வைக்கலாமா என்பதை முடிவு செய்ய ஸ்கேனில் தெரியும் கிழிசல் மட்டும் போதாது. அவருடைய ஆட்டம் தோளிடம் என்ன கேட்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தோள்மூட்டின் அமைப்பிலேயே இந்த இரட்டைத்தன்மை இருக்கிறது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது; அது உட்காரும் தோள்குழியோ ஆழமற்றது, சிறியது. சிறு தட்டின் மேல் நிறுத்திவைத்த சாத்துக்குடி போன்ற நிலை. இடுப்பு மூட்டைப் போல எலும்பே எலும்பைக் கவ்விப் பிடிக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. குழியின் விளிம்பைச் சுற்றி ஓடும் லேப்ரம் என்னும் நார்க்குருத்து வளையம், அதோடு ஒட்டிய மூட்டுறை, அந்த உறையில் தடித்திருக்கும் தசைநார்கள், எல்லாவற்றையும் அணைத்துப் பிடிக்கும் ரொட்டேட்டர் கஃப் என்னும் நான்கு தசைகள், பைசெப்ஸின் நீண்ட தசைநாண் ஆகிய இவை சேர்ந்துதான் மூட்டை இடத்தில் வைத்திருக்கின்றன. உடலிலேயே அதிகம் அசையும் மூட்டாக அது இருப்பதற்குத் தரும் விலை இது. பேஸ்பால் பந்துவீச்சில் மேற்கை உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 பாகையைத் தாண்டுவதாக அளந்திருக்கிறார்கள். அந்த வேகத்துக்கு மூட்டுறை கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும்; மூட்டு நழுவாமலிருக்க அதே உறை இறுக்கமாக இருக்க வேண்டும். அறுவை மருத்துவரின் நூல் உறையை இறுக்கத்தான் முடியும். ஒரு விளையாட்டுக்கு எவ்வளவு இறுக்கம் தாங்கும் என்பது நூலுக்குத் தெரியாது.

விலகும் தோளின் கதை பழையது. திரும்பத் திரும்பக் கழலும் தோளுக்கு அக்குளில் சூடு வைத்துத் தழும்பை உண்டாக்கும் முறையை ஹிப்பாக்கிரட்டீஸ் காலத்து நூல்களே விவரிக்கின்றன. தழும்பு சுருங்கினால் மூட்டு இறுகும் என்ற தர்க்கம்தான் அது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பரவிய புட்டி-பிளாட், மேக்னசன்-ஸ்டாக் அறுவைகளும் அடிப்படையில் அதே தர்க்கத்தில் நின்றவை: முன்பக்கத் தசையைச் சுருக்கிக் கட்டினால் கை வெளிப்புறம் சுழலாது, சுழலாவிட்டால் கழலாது. கழலவில்லைதான். ஆனால் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்ப் பின்னுக்கு வளைக்கவும் முடியவில்லை. பலருக்கு ஆண்டுகள் கழித்து மூட்டுத் தேய்வும் வந்தது. ஜெர்மனியில் பெர்த்தஸ் 1906-இலும் இங்கிலாந்தில் பிளண்டெல் பேங்கார்ட் 1923-இலும் வேறு இடத்தைக் காட்டினார்கள். தோள் முன்பக்கமாக விலகும்போது லேப்ரமும் அதோடு ஒட்டிய உறையும் குழியின் முன் விளிம்பிலிருந்து பிய்ந்துவிடுகின்றன, பிய்ந்ததைப் பழைய இடத்திலேயே பொருத்துவதுதான் சரியான சிகிச்சை என்பது அவர்களின் வாதம். சுற்றியிருப்பதைச் சுருக்குவதை விட்டுவிட்டு உடைந்ததைச் சீர்செய்யும் இந்த எண்ணம்தான் இன்றைய அறுவைக்கு அடித்தளம். 1940-இல் ஹில், சாக்ஸ் என்ற இரு கதிரியக்க மருத்துவர்கள் அதன் மறுபாதியைக் காட்டினார்கள். விலகும் உருண்டைத் தலையின் பின்பக்கம் குழியின் விளிம்பில் மோதிப் பள்ளமாகிறது. இந்தப் பள்ளத்தின் முக்கியத்துவம் முழுதாகப் புரிய இன்னும் அறுபது ஆண்டு ஆனது.

முதல் முறை தோள் விலகிய இளைஞருக்கு உடனே அறுவை செய்யலாமா? இதில் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. ஆனால் சான்றுகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. வயதுதான் முதல் காரணி. பாஸ்டனின் கார்ட்டர் ரோ 1956-இல் வெளியிட்ட பெரிய தொகுப்பில், 20 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேருக்குத் தோள் மறுபடியும் விலகியது. 40-ஐத் தாண்டியவர்களில் அது 16 மட்டுமே. அமெரிக்க ராணுவத்தின் இளம் வீரர்களை இரண்டாகப் பிரித்து பொட்டோனி குழுவினர் 2002-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், தூளியும் உடற்பயிற்சியும் மட்டும் பெற்ற 12 பேரில் 9 பேருக்கு மறுபடி மூட்டு நிலைகுலைந்தது. ஆர்த்ராஸ்கோப்பி என்னும் துளை வழி அறுவையில் லேப்ரத்தைப் பொருத்திக்கொண்ட 9 பேரில் ஒருவருக்கு மட்டும். எண்ணிக்கை மிகவும் குறைவு என்று இதைத் தள்ளிவிடலாம். எடின்பரோவில் ராபின்சன் 2008-இல் வெளியிட்ட ஆய்வை அப்படித் தள்ள முடியாது. 35 வயதுக்குட்பட்ட 88 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு லேப்ரத்தைச் சரிசெய்தார்கள். மறுபாதிக்கு அதே போலத் துளையிட்டு மூட்டைக் கழுவி மட்டும் விட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, பின்னர் பரிசோதித்தவருக்கும் தெரியாது. லேப்ரம் சரிசெய்யப்பட்டவர்களிடம் மறுவிலகலின் அபாயம் முக்கால் பங்கு குறைந்தது. தோள் அறுவையில் ‘மனம் நம்பியதால் குணமானது’ என்ற சந்தேகத்தை இவ்வளவு நேரடியாகத் தாண்டிய சான்று வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

இதற்கு வலுவான மறுப்பு சுவீடனிலிருந்து வருகிறது. ஹோவெலியஸ் என்ற மருத்துவர் 1970-களின் இறுதியில் முதல் விலகல் வந்தவர்களைச் சேர்த்து, 25 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார். இத்தனை நீண்ட பின்தொடர்தல் மருத்துவத்தில் அரிது; அந்தப் பொறுமைக்கே ஒரு வணக்கம் வைக்கலாம். அவர் கண்டது இது: அறுவை செய்யாத 12 முதல் 25 வயதுக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுவிலகல் வரவில்லை, அல்லது வந்து காலப்போக்கில் தானே நிலைத்துவிட்டது. அப்படியானால் எல்லோருக்கும் அறுவை செய்தால் பாதிப் பேரைத் தேவையில்லாமல் வெட்டுகிறோம் அல்லவா? பொது மக்களை வைத்துப் பார்த்தால் இந்த மறுப்பு சரியானதே. அலுவலகம் போகிற 24 வயதுக்காரர் ஒருவர் படியில் தடுக்கி விழுந்து தோளை விலக்கிக்கொண்டால், காத்திருந்து பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தத் தொகுப்பில் இருந்தவர்கள் வாரா வாரம் தோளால் மோதிப் பிழைப்பவர்கள் அல்லர். ‘காலப்போக்கில் நிலைத்தது’ என்பதற்குள் பத்து, பதினைந்து ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. ஒரு வீரரின் முழு ஆட்ட வாழ்க்கையே அவ்வளவுதான். நடுவே ஒவ்வொரு விலகலும் குழியின் விளிம்பிலிருந்து கொஞ்சம் எலும்பைத் தேய்த்துக்கொண்டு போகிறது.

பருவத்தின் நடுவில் தோள் விலகினால் என்ன செய்வது என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் 45 பேரை டிக்கன்ஸ் குழுவினர் பின்தொடர்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். 33 பேர் அதே பருவத்தில் களத்துக்குத் திரும்பினார்கள். அவர்களில் பாதிப் பேர் ஐந்து நாளுக்குள்ளேயே. கேட்பதற்கு நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் திரும்பிய 33 பேரில் 21 பேருக்கு மறுபடி நிலைகுலைந்தது. மறுதொல்லை இல்லாமல் பருவத்தை முடித்தவர்கள் 12 பேர் மட்டுமே. இறுதியாண்டு மாணவர் ஒருவர் தன் கடைசிப் பருவத்தை இழக்க மனமில்லாமல், விளைவைத் தெரிந்துகொண்டே ஆடுவது அவருடைய உரிமை. தெரியாமல் ஆடுவதுதான் கவலைக்குரியது. நம் ஊர்க் கபடியில் இந்த ஆபத்தின் வடிவம் நன்றாகத் தெரியும். கோட்டைத் தொட நீட்டிய கையோடு பாடிச் சென்றவரின் மேல் நான்கு பேர் விழும்போது, கை விரிந்து பின்னுக்கு முறுக்கப்படுகிறது. தோள் முன்பக்கம் விலகுவதற்கு வேண்டிய நிலை அச்சாக அதுதான். விலகியதைக் களத்திலேயே இழுத்துப் பொருத்திவிட்டு, புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு, வலி தணிந்ததும் அடுத்த ஊர் ஆட்டத்துக்குப் போவது பல ஊர்களில் பழக்கம். கட்டின் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை. மூட்டை இடத்தில் பொருத்துவதில் அனுபவம் உள்ளவர்கள் அங்கே உண்டு. பொருத்துவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுக்காதபோது, உடைந்த எலும்பும் தேய்ந்த விளிம்பும் யார் கண்ணிலும் படாமல் போகின்றன என்பதே என் குறை.

எலும்பு ஏன் இவ்வளவு முக்கியம்? 1980-களிலும் 90-களிலும் பேங்கார்ட் அறுவை பெரிய வெட்டிலிருந்து சிறு துளைகளுக்கு மாறியது. கேமரா வழியே பார்த்து, நூல் கோத்த சிறு முளைகளைக் குழியின் விளிம்பில் இறக்கி, லேப்ரத்தை அதில் கட்டினார்கள். தழும்பு சிறிது, வலி குறைவு, தசையை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் மோதல் விளையாட்டு ஆடுபவர்களிடம் தோல்விகள் அதிகமாகத் தென்பட்டன. துளை வழி அறுவையே வீரர்களுக்கு ஆகாது என்று பலர் தீர்ப்பு எழுத இருந்த நேரத்தில், டெக்சாஸின் ஸ்டீபன் பர்க்ஹார்ட்டும் கேப்டவுனின் ஜோ டி பீரும் 2000-இல் தங்கள் 194 நோயாளிகளின் கணக்கைப் பிரித்துக் காட்டினார்கள். எலும்பு பெரிதாகக் குறையாதவர்களில் மறுவிலகல் 4 விழுக்காடு. குழியின் விளிம்போ உருண்டைத் தலையோ கணிசமாகத் தேய்ந்திருந்தவர்களில் அது 67 விழுக்காடு. ரக்பி, அமெரிக்கக் கால்பந்து போன்ற மோதல் விளையாட்டு ஆடியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், எலும்பு நன்றாக இருந்தவர்களுக்கு 6.5, குறைந்திருந்தவர்களுக்கு 89. இந்தத் துறையின் பாதையைத் திருப்பிய எண்கள் என்று இவற்றைச் சொல்வேன். துளையிட்டதால் வந்த தோல்வி அல்ல அது. தட்டே உடைந்திருக்க, ஓரத்து வளையத்தை மட்டும் ஒட்டவைத்ததால் வந்தது. மோதல் விளையாட்டு என்பதே தனியொரு தடை அல்ல என்பதையும் அந்த 6.5 சொல்லிவிட்டது. முதல் விலகலோடு வந்தவரின் எலும்பு பெரும்பாலும் இன்னும் நன்றாக இருக்கும், பத்தாவது விலகலோடு வருபவருடையது தேய்ந்திருக்கும் என்பதால், ‘இன்னும் கொஞ்சம் ஆடிவிட்டு வரலாம்’ என்ற தள்ளிப்போடல் நேரடியாகத் தோல்விக் கணக்கில் போய்ச் சேருகிறது.

எலும்பு தேய்ந்துவிட்டவருக்கு என்ன வழி? பிரான்சின் லியோன் நகரத்து மிஷேல் லட்டார்ஷே 1954-இல் ஒரு முறையை விவரித்தார். தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் வளைந்து நீட்டியிருக்கும் கொக்கியை, அதோடு ஒட்டிய தசைநாணுடன் சேர்த்து அறுத்தெடுத்து, குழியின் தேய்ந்த விளிம்பில் திருகாணி வைத்துப் பொருத்துவது. எலும்பு குழியை அகலப்படுத்துகிறது. கையை உயர்த்தும்போது அந்தத் தசைநாண் குறுக்கே வார் போல நின்று தாங்குகிறது. நிறுத்தும் வலிமையில் இதற்கு நிகரானது அரிது. பால்க், புவாலோ ஆகிய மருத்துவர்கள் 2007-இல் 10 மதிப்பெண் கொண்ட ஓர் அளவுகோலை உண்டாக்கினார்கள்: வயது 20-க்குள்ளா, போட்டிகளில் ஆடுபவரா, மோதலோ தலைக்கு மேல் கை வீசுவதோ உள்ள ஆட்டமா, தோள் இயல்பிலேயே நெகிழ்வானதா, எக்ஸ்ரேயில் இரு பக்க எலும்பும் எப்படி இருக்கின்றன என்று கேட்டு மதிப்பெண் போட வேண்டும். 6-ஐத் தாண்டியவர்களுக்கு லேப்ரத்தை மட்டும் கட்டினால் மறுவிலகல் 70 விழுக்காடு என்று கண்டு, அவர்களுக்கு லட்டார்ஷே முறையைப் பரிந்துரைத்தார்கள். அப்படியானால் ரக்பி வீரர் எல்லோருக்கும் முதலிலேயே அதைச் செய்துவிடலாமே என்று பிரான்சில் பலர் கேட்கிறார்கள், செய்யவும் செய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1,904 தோள்களின் கணக்கைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் மறுவிலகல் 2.9 விழுக்காடாக இருந்தாலும், ஏதாவது ஒரு சிக்கல் 30 விழுக்காட்டினருக்கு வந்திருக்கிறது. அவற்றில் பல சிறியவை என்றாலும், அந்த எலும்புக் கொக்கிக்கு மிக அருகே முக்கிய நரம்புகள் ஓடுகின்றன; திருகாணி தளர்வதும் எலும்புத் துண்டு கரைவதும் உண்டு. தோற்றுவிட்டால் மறுபடி அறுவை செய்ய உள்ளே பழைய அடையாளங்களே இருக்காது. எலும்பு குறைந்தவருக்கு இது வரம். எலும்பு நன்றாக உள்ள 19 வயதுக்காரருக்கு அவசரம். உருண்டைத் தலையின் பள்ளம் மட்டும் பெரிதாக இருப்பவருக்கு, அந்தப் பள்ளத்தில் பின்பக்கத் தசைநாணையே இழுத்துப் பொருத்தி அடைக்கும் ரெம்ப்ளிசாஜ் என்ற இடைவழியும் வந்திருக்கிறது.

இதுவரை சொன்னது நிறுத்தும் வேலை. வீசும் தோளுக்கு வந்தால் தரையே மாறிவிடுகிறது. சிறு வயதிலிருந்து பல்லாயிரம் முறை பந்தெறிந்தவரின் தோள் மற்றவர் தோளைப் போல இருக்காது. மேற்கை எலும்பே பின்னுக்கு முறுகி வளர்ந்திருக்கும். கை வெளிப்புறம் கூடுதலாகவும் உட்புறம் குறைவாகவும் சுழலும். உறையின் முன்பக்கம் தளர்ந்தும் பின்பக்கம் தடித்தும் இருக்கும். இவற்றில் எது நோய், எது தொழிலின் அடையாளம்? எம்.ஆர்.ஐ. இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை, குழப்பத்தைத்தான் கூட்டுகிறது. வலியே இல்லாத தொழில்முறை பேஸ்பால் பந்துவீச்சாளர்கள் 14 பேரை ஸ்கேன் செய்து மினியாச்சி குழுவினர் 2002-இல் வெளியிட்டார்கள். 79 விழுக்காட்டில் லேப்ரம் இயல்புக்கு மாறாகத் தெரிந்தது. கானர் குழுவினர் அடுத்த ஆண்டு வெளியிட்டது இன்னும் கூர்மையானது. வலியில்லாத உயர்மட்ட டென்னிஸ், பேஸ்பால் வீரர்கள் 20 பேரில் 8 பேருக்கு ஆடும் கையின் ரொட்டேட்டர் கஃபில் கிழிசல் தெரிந்தது. மறுகையில் ஒருவருக்கும் இல்லை. ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டபோதும் அவர்களில் எவருக்கும் தொல்லை வரவில்லை. அந்த 8 பேரில் ஒருவர் வேறு ஏதோ வலியோடு அந்த ஸ்கேனை எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரிடம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். படத்தைப் பார்த்தவுடன் தைக்கக் கை துறுதுறுக்கும்; வலிக்குக் காரணமோ தளர்ந்த தோள்பட்டைத் தசைகளிலோ இறுகிய பின்புற உறையிலோ இருந்திருக்கும்.

லேப்ரத்தின் மேற்பகுதியில், பைசெப்ஸ் தசைநாண் வந்து சேரும் இடத்தில் உண்டாகும் கிழிசல் இந்தப் பொறிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆண்ட்ரூஸ் 1985-இல் அதை எறிபவர்களிடம் விவரித்தார். ஸ்னைடர் 1990-இல் அதற்கு ‘ஸ்லாப்’ என்று பெயரிட்டு நான்கு வகையாகப் பிரித்தார். பெயர் வந்ததும் நோயும் பெருகியது, அறுவையும் பெருகியது. எறிபவர்களிடம் விளைவு என்ன? தொழில்முறை பேஸ்பால் வீரர்களை ஆராய்ந்த ஃபெடோரிவ் குழுவினரின் 2014-ஆம் ஆண்டு முடிவுகள் கசப்பானவை. அறுவை செய்துகொண்ட பந்துவீச்சாளர்களில் 48 விழுக்காட்டினர் களத்துக்குத் திரும்பினார்கள். பழைய ஆட்டத் தரத்தை எட்டியவர்கள் 7 விழுக்காடு. அறுவையின்றிப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 40 விழுக்காட்டினர் திரும்பினார்கள், பழைய தரத்தை எட்டியவர்கள் 22. இதை வைத்து அறுவைதான் கெடுத்தது என்று சொன்னால் அநியாயம். பயிற்சியில் தேறாதவர்களே மேசைக்குப் போனார்கள், எனவே அவர்கள் தொடக்கத்திலேயே மோசமான நிலையில் இருந்தவர்கள். ஆனால் அதே ஆய்வில் அறுவை செய்துகொண்ட மற்ற இடத்து ஆட்டக்காரர்களில் 54 விழுக்காட்டினர் பழைய தரத்தை எட்டியிருக்கிறார்கள். கிழிசல் ஒன்று, தையல் ஒன்று. ஒரு பந்தை எப்போதாவது எறிபவர் மீள்கிறார், ஒவ்வொரு பந்தையும் உச்ச வேகத்தில் எறிபவர் மீளவில்லை. என் வாதத்துக்கு இதைவிட நேரான சான்று தேட வேண்டியதில்லை.

நார்வேயில் ஷ்ரோடர் குழுவினர் 118 பேரை மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. சிலருக்கு லேப்ரத்தைத் தைத்தார்கள், சிலருக்கு பைசெப்ஸ் தசைநாணை இடம் மாற்றினார்கள், சிலருக்குத் துளை மட்டும் போட்டு ஒன்றும் செய்யாமல் விட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து மூன்று குழுவுக்கும் வேறுபாடு இல்லை. அறுவை மருத்துவர்கள் இதற்கு ஒரு நியாயமான மறுப்பைச் சொல்கிறார்கள்: அதில் இருந்தவர்களின் சராசரி வயது 40, அவர்கள் உயர்மட்ட வீரர்கள் அல்லர். சரி. ஆனால் உயர்மட்ட வீரர்களிடம் அறுவை மேலாகப் பலிக்கும் என்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? ஃபெடோரிவின் எண்களில் அது இல்லை. ஒரு சிகிச்சை சாதாரண மனிதருக்குப் போலி அறுவையைவிட மேலாக இல்லை, கடினமான பயன்பாட்டிலோ பழைய தரத்தைத் தரவில்லை என்றால், நிரூபிக்கும் பொறுப்பு அதைச் செய்பவரிடம்தான் இருக்கிறது.

அடுத்த மறுப்பு புகழ்பெற்ற பெயர்களாக வரும். டென்னிஸில் மரியா ஷரபோவா 2008-இல் ரொட்டேட்டர் கஃப் அறுவை செய்துகொண்டும் 2012-இல் பிரெஞ்சு ஓபனை வெல்லவில்லையா? ஷேன் வார்ன் 1998-இல் தோளில் கத்தி வைத்துக்கொண்ட பிறகுதானே தன் 708 டெஸ்ட் விக்கெட்டுகளில் பாதிக்கு மேல் எடுத்தார்? அமெரிக்கக் கால்பந்தின் ட்ரூ பிரீஸ், 2005-இன் கடைசி நாளில் எறியும் தோள் நொறுங்கி, 2010-இல் சூப்பர் பவுலை வெல்லவில்லையா? ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரீஸுடையது மோதலில் விலகிய தோள். முக்கியமாக நிறுத்தும் வேலைதான் நடந்தது, அது பலித்தது. வார்ன் சுழற்பந்து வீச்சாளர். அவருடைய ஆயுதம் மணிக்கட்டும் விரல்களும். ஷரபோவா மீண்டது உண்மை. ஆனால் சர்வ் செய்யும் முறையை மாற்றிப் பார்த்து, இரட்டைத் தவறுகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, அடுத்த பெரிய பட்டத்துக்கு மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தார். உண்மையான விதிவிலக்கு பேஸ்பால் பந்துவீச்சாளர் ரோஜர் கிளமென்ஸ். 1985-இல் ஆண்ட்ரூஸ் அவருடைய கிழிந்த லேப்ரத்தைச் சீவிச் சுத்தம் செய்தார். அடுத்த ஆண்டே ஒரே ஆட்டத்தில் 20 பேரை வீழ்த்தி, அந்தப் பருவத்தில் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். அவருக்கு அப்போது வயது 23, தைத்து இறுக்கும் வேலை எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரொட்டேட்டர் கஃபின் பகுதி ஆழக் கிழிசலைச் சீவி மட்டும் விட்ட பந்துவீச்சாளர்களில் முக்கால் பங்கினர் தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பினார்கள், 55 விழுக்காட்டினர் பழைய நிலையையோ அதற்கு மேலானதையோ எட்டினார்கள் என்று ஆண்ட்ரூஸும் சேர்ந்து எழுதிய 2008-ஆம் ஆண்டு ஆய்வும் சொல்கிறது. குறைவாகச் செய்தபோது அதிகம் கிடைத்திருக்கிறது.

இந்தத் துறையில் ஆர்வம் சான்றை முந்திய கதைகள் வேறும் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் தளர்ந்த உறையை வெப்பக் கருவியால் சுருக்கும் முறை வீரர்களிடையே வேகமாகப் பரவியது. தையல் வேண்டாம், நேரம் மிச்சம். சில ஆண்டுகளில் உறை மறுபடி தளர்ந்தது. சிலருக்குக் குருத்தெலும்பே கரைந்துபோனது. அதைக் கைவிட்டார்கள். அறுவைக்குப் பின் வலியைக் குறைக்க மூட்டுக்குள்ளேயே மரப்பு மருந்தைத் தொடர்ந்து செலுத்திய பம்புகளும் இளம் தோள்களின் குருத்தெலும்பை அழித்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் எச்சரித்தது. நீர் என்ற மருத்துவர் 1972-இல் பரப்பிய, தோள்முனை எலும்பின் அடிப்பக்கத்தைச் சீவி இடம் உண்டாக்கும் அறுவை பல பத்தாண்டுகள் நடந்த பிறகுதான், 2018-இல் பிரிட்டனிலும் பின்லாந்திலும் போலி அறுவையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருட்படுத்தத்தக்க கூடுதல் பயன் தெரியவில்லை. தோள்முனையில் காறை எலும்பு சேரும் மூட்டு விலகுவதிலும் இதே பாடம்தான். கனடாவில் 83 பேரை வைத்துச் செய்த ஆய்வில், கொக்கித் தகடு வைத்துக்கொண்டவர்களைவிடத் தூளியோடு இருந்தவர்கள் முதல் மாதங்களில் நன்றாக இருந்தார்கள், பிறகு இருவரும் சமமானார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பெரிய இடைவெளி நிற்கிறது. மேலே சொன்ன வீரர்களின் எண்கள் பெரும்பாலும் ரக்பி, பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து ஆடுபவர்களிடமிருந்தும் ராணுவ முகாம்களிலிருந்தும் வந்தவை. கபடியில் தோளின் மேல் விழும் பாரமும், முழங்கையை நீட்டி வீசும் வேகப்பந்து வீச்சாளரின் தோளில் விழும் இழுவையும் அவற்றிலிருந்து வேறானவை. புரோ கபடி அணிகளும் மாநில விளையாட்டு விடுதிகளும் ஒவ்வொரு தோள் விலகலையும், அதற்கு என்ன செய்தார்கள், எத்தனை மாதத்தில் திரும்பினார், பழையபடி ஆடினாரா என்பதையும் பெயரின்றி எழுதி வெளியிட வேண்டும். அதுவரை பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்ல இவ்வளவு இருக்கிறது: முதல் முறை தோள் விலகிய 18 வயதுக் கபடி வீரரை எலும்பு மூட்டு மருத்துவரிடம் தாமதிக்காமல் கொண்டுபோங்கள், எக்ஸ்ரேயோடு எலும்புத் தேய்வை அளக்கச் சொல்லுங்கள், அறுவை என்றால் மோதலுக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். பந்து வீசும்போது வலிக்கிறது என்று சொல்லும் பையனுக்கோ, வீச்சைக் குறைத்து, குறைந்தது மூன்று மாதம் முறையான பிசியோதெரபி கொடுத்துப் பார்த்த பிறகு ஸ்கேனைப் பற்றிப் பேசுங்கள். அப்போதும் அறுவை என்றால், ‘கிழிசல் சரியாகுமா’ என்று கேட்காதீர்கள். ‘இவனைப் போல வீசுபவர்களில் எத்தனை பேர் இதற்குப் பிறகு பழைய வேகத்தில் வீசினார்கள்’ என்று கேளுங்கள்.